உதவியா? உண்மையா?

பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளிடம் ஒரு ‘ஃபோல்டர்’ இருக்கும். நான் பேசிப் பார்த்த வரையில், எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் ஏதோ ஒரு வடிவத்தில் அது இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒரு சீனியர் கூகல் டிரைவில் தொடங்கியிருப்பார். அவர் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகியிருக்கும். ஃபோல்டர் மட்டும் கை மாறிக்கொண்டே வரும். பழைய தேர்வுத் தாள்கள், விரிவுரைக் குறிப்புகள், எந்த விரிவுரையாளர் எப்படிக் கேள்வி கேட்பார் என்ற ‘டிப்ஸ்’, அதோடு எழுதி முடித்த ஆய்வுக்கூட அறிக்கைகள். புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகள் முதல் வாரம் முடிவதற்குள்ளேயே கேட்டுவிடுவார்கள்: “அண்ணே, அந்த லிங்க் இருக்காண்ணே?”

நான் சிவில் பொறியியல் இறுதி ஆண்டு மாணவன். எங்கள் துறை ஃபோல்டரின் சாவி இப்போது மூன்று பேர் கையில் இருக்கிறது, அதில் நானும் ஒருவன். இந்தப் பருவத் தொடக்கத்தில் எங்களுக்குள் ஒரு விவாதம் வந்தது. எழுதி முடித்த அறிக்கைகளை ஃபோல்டரில் வைத்திருக்கலாமா, எடுத்துவிடலாமா? சின்னக் கேள்விதான். ஆனால் வாட்ஸ்அப்பில் இரண்டு வாரம் ஓடியது. மாமாக் கடையில் இரண்டு இரவு, எத்தனை தே தாரிக் என்று கணக்கில்லை. அதில் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இது எங்கள் துறைக்கு மட்டும் உரிய கேள்வி இல்லை என்று தோன்றுகிறது.

முதலில் ஃபோல்டரைக் குறைத்துப் பேசக்கூடாது. பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களுக்குத் தெரியும், முதல் மாதம் எப்படி இருக்கும் என்று. இருநூறு பேர் உட்காரும் விரிவுரை மண்டபம். பக்கத்தில் இருப்பவர் பெயர் தெரியாது. விரிவுரையாளருக்கு உங்கள் பெயர் தெரியாது, மெட்ரிக் எண்தான் தெரியும். எங்கள் வகுப்பில் தமிழ் பேசுகிறவர்களை இரண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். பலர் வீட்டிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்கள். சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் இல்லை. ஒரு பருவம் சறுக்கினால் கல்விக் கடன் என்ன ஆகும், அப்பாவிடம் என்ன சொல்வது என்ற பயம் வேறு. அந்த நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு சீனியர், “தம்பி, சாப்பிட்டியா? இந்தா லிங்க்கு, பயப்படாத” என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். அந்தப் பெரிய இடத்தில் ‘நம்ம ஆளுங்க’ என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் புரியும்.

ஆகவே அறிக்கைகளை எடுக்கவே கூடாது என்று என் அறைத்தோழன் சண்டை போட்டபோது அவன் சும்மா பேசவில்லை. அவன் பக்கத்தில் நியாயம் இருந்தது.

எங்களைப் பேச வைத்தது ஒரு கான்கிரீட் சோதனை. சிவில் படிக்கிறவர்கள் எல்லாரும் செய்வது. சிமெண்ட், மணல், கல், தண்ணீர் கலந்து 150 மில்லிமீட்டர் கன சதுர அச்சுகளில் ஊற்ற வேண்டும். அச்சை மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் இரும்புக் கம்பியால் குறைந்தது 35 தடவை குத்த வேண்டும், உள்ளே காற்று தங்கிவிடாமல் இருக்க. மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைப்பார்கள். 28ஆவது நாள் எடுத்து இயந்திரத்தில் வைத்து நசுக்கினால், எவ்வளவு பளு தாங்கியது என்று தெரியும். பளுவைப் பரப்பளவால் வகுத்தால் வலிமை. எங்கள் கலவை சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்க வேண்டும்.

எங்கள் குழு மூன்று கியூப் செய்தது. முதலாவது 34.2. இரண்டாவது 33.1. மூன்றாவது 24.0.

இயந்திரம் நின்றதும் எங்கள் குழுவில் ஒருவர் சொன்ன முதல் வார்த்தை, “அலாமாக்!” இரண்டாவது வார்த்தை, “ஃபோல்டர்ல பழைய ரிப்போர்ட் இருக்குல்ல? மூணாவது 33.6னு போட்டுருவோம்லா.” யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. மணி ஐந்தே முக்கால், பசி. 33.6 என்று எழுதினால் வரைபடம் அழகாக வரும். 24 என்று எழுதினால் ஏன் என்று ஒரு பக்கம் விளக்கம் எழுத வேண்டும்.

நாங்கள் 24.0 என்றே எழுதினோம். இதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை. குழுவில் ஒரு அக்கா பிடிவாதமாக இருந்தார், அவ்வளவுதான். அவர்தான் நசுக்குவதற்கு முன் எடுத்த நிறைகளைத் திரும்பப் பார்த்தார். முதல் இரண்டும் 8.1 கிலோ. மூன்றாவது 7.7 கிலோ. அளவு ஒன்று, கலவை ஒன்று, ஆனால் நிறை ஐந்து சதவீதம் குறைவு. அந்த ஐந்து சதவீதம் காற்று. கடைசி அச்சை நிரப்பும்போது கை வலித்து, குத்தியது குறைந்துவிட்டது. கான்கிரீட்டில் ஐந்து சதவீதம் காற்றுப் பொந்து இருந்தால் வலிமை முப்பது சதவீதம் வரை குறையும் என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம், பரீட்சையிலும் எழுதியிருக்கிறோம். முப்பது சதவீதம் குறைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 24க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த மாலையில் நாங்கள் நசுக்கிய மூன்றில் எங்களுக்கு எதையாவது கற்றுக்கொடுத்தது அந்தத் ‘தப்பான’ கியூப் ஒன்றுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 30.4. தேவையான 30ஐத் தாண்டிவிடுகிறது! சராசரியை மட்டும் பார்த்தவனுக்கு எல்லாம் நலம். ஒரு கட்டடத்தில் அந்த மூன்றாவது கியூப் மாதிரியான கான்கிரீட் எந்தத் தூணுக்குள் இருக்கிறது என்று சராசரி சொல்லாது.

மதிப்பெண் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு நடுத்தரமான மதிப்பெண். அழகான வரைபடம் கொடுத்த இன்னொரு குழுவுக்கு எங்களைவிட அதிகம். உண்மை எழுதினால் உடனே பரிசு கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

இந்த இடத்தில்தான் என் அறைத்தோழன் பிடித்துக்கொண்டான். “சரி மச்சான், நீ கத்துக்கிட்ட. உனக்கு நேரம் இருந்துச்சு. ராத்திரி பெட்ரோல் ஸ்டேஷன்ல வேலை செஞ்சிட்டு காலையில லேப்புக்கு வர்ற பையனுக்கு எங்கடா நேரம்? அவன் ஃபோல்டரப் பாத்து ஒரு நம்பர் எழுதினா யாருக்கு நட்டம்? அந்தக் கியூப்ப வச்சு யாரும் வீடு கட்டப் போறதில்ல. நசுக்கிக் குப்பையில போட்டாச்சு.” அதோடு நிற்கவில்லை. திருக்குறள் முப்பதாவது அதிகாரத்துக்குப் போய்விட்டான். வாய்மை அதிகாரத்தின் முதல் குறளே, உண்மை என்பது தீங்கு தராத சொல் என்றுதான் விளக்குகிறது. இரண்டாவது குறள் இன்னும் ஒரு படி போய், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் உண்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறது. “வள்ளுவரே ஓகே சொல்லிட்டாரு, உனக்கென்ன?”

சும்மா சொல்லக்கூடாது, நல்ல வாதம். அன்று இரவு எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வள்ளுவர் பொய்க்குப் பொதுவாக அனுமதி கொடுக்கவில்லை, அந்த நன்மைக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: குற்றமற்றதாக இருக்க வேண்டும். அப்படியானால் கேள்வி, அந்த 33.6 யாருக்கு நன்மை என்பதோடு முடியாது. அந்த நன்மைக்கு விலை கொடுக்கிறவர் யார் என்றும் பார்க்க வேண்டும். அவர் நம் கண்ணுக்குத் தெரியாதவராக இருந்தால்?

இதை யோசிக்கும்போது என் தாத்தா ஞாபகத்துக்கு வந்தார். பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் பெரட்டு, பிறகு பால்காடு, வெயில் ஏறியதும் பாலைச் சேர்த்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். அங்கே பாலை நிறுத்து, கிராணி புத்தகத்தில் எழுதுவார். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தராசு முள் எங்கே நின்றது என்று தெரியும், புத்தகத்தில் என்ன விழுந்தது என்று தெரியாது. மாதக் கடைசியில் கையில் வரும் வெள்ளியைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். “கிராணி கெட்டவன் இல்லடா,” என்று தாத்தா சொல்வார். “அவனுக்கு மேல தொரை உக்காந்திருக்கான். மொத்தக் கணக்கு நேரா வரணும். அதுக்காக எங்கயாவது ஒரு ரெண்டு ராத்தல் கொறைப்பான். அவனுக்கு அது ரெண்டு ராத்தல். எனக்கு அது உங்க அப்பாவோட பள்ளிக்கூடச் சட்டை.”

கிராணிக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும். அவருக்கும் குடும்பம் இருந்தது, அவரும் யாருக்கோ உதவியிருப்பார். ஆனால் புத்தகத்தில் எழுதுகிற ஒவ்வோர் எண்ணையும் அதைச் சரிபார்க்க முடியாத ஒருவர் நம்பி வாங்கிக்கொள்கிறார். தாத்தா அப்படி வாங்கிக்கொண்டார். பெரிய பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி என்பதே இந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது என்பதை இறுதி ஆண்டுத் திட்டம் செய்ய ஆரம்பித்த பிறகுதான் நேரில் பார்க்கிறேன். என் திட்டத்தில் நான் பயன்படுத்தும் எண்களில் பாதி எனக்கு முன்னால் ஒரு முதுகலை மாணவர் எடுத்தவை. அவரை நான் பார்த்ததே இல்லை. அவர் ஆய்வுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து எழுதிய எண்ணை நான் நம்புகிறேன். என்னுடையதை நாளைக்கு யாரோ ஒரு தங்கை நம்புவாள். இருபதாயிரம் பேர் இருக்கும் இடத்தில் எல்லாரும் எல்லாரையும் தெரிந்து வைத்திருக்க முடியாது. தோட்டத்தில் பொய் சொன்னவன் பெயர் சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கப் பரவிவிடும். இங்கே பரவாது.

“நீ என்ன வைரஸா கண்டுபிடிக்கப் போற?” என்று அறைத்தோழன் கேட்டான். கிண்டலுக்குத்தான் கேட்டான். ஆனால் நம் நாட்டில் உண்மையிலேயே அப்படி ஒரு கதை இருக்கிறது.

1998ஆம் ஆண்டு கடைசியில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல் வந்து மூளையைத் தாக்கியது. பிறகு நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்தார்கள். அது முட்டாள்தனமான முடிவு அல்ல. அந்த நோய் ஏற்கனவே இங்கே உண்டு. பன்றியிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வருவது. சில நோயாளிகளின் பரிசோதனையும் அப்படித்தான் காட்டியது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் சில விஷயங்கள் பொருந்தவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அதிகமாகப் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள். கொசு ஆள் பார்த்துக் கடிக்காது. இங்கே பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களுக்குத்தான் வந்தது. தடுப்பூசி போட்டவர்களும் நோயில் விழுந்தார்கள். ஒரு வரைபடத்தில் வைத்தால், கோட்டை விட்டு விலகி நிற்கும் புள்ளிகள் இவை.

1999 மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நுண்ணுயிரியல் துறையில் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து ஒரு கிருமியை வளர்த்தெடுத்தார். அப்போது அவர் அந்தத் துறையில் பயிற்சியில் இருந்தவர். நுண்ணோக்கியில் பார்த்தபோது செல்கள் ஒன்றோடு ஒன்று இணைந்து பெரிய பெரிய திட்டுகளாகியிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் எதிர்பார்க்கும் தோற்றம் அல்ல அது. மாதிரியை அமெரிக்காவில் உள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குக் கொண்டு போனார். அதுவரை உலகம் அறியாத ஒரு வைரஸ் என்று தெரிந்தது. அந்த நோயாளி சுங்கை நிப்பா கிராமத்தைச் சேர்ந்தவர் என்பதால் நிப்பா வைரஸ் என்று பெயர் வந்தது. அதன் பிறகுதான் கவனம் கொசுவிலிருந்து பன்றிக்குத் திரும்பியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன, பரவல் நின்றது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோய்வாய்ப்பட்டு 105 பேர் இறந்திருந்தார்கள். இன்றுவரை கேரளாவிலோ வங்காளதேசத்திலோ இந்த நோய் தலைகாட்டும்போதெல்லாம் செய்தியில் நம் நாட்டுக் கிராமம் ஒன்றின் பெயர் வருகிறது.

பயிற்சியில் இருந்த அந்த மருத்துவருக்கு எது சுலபமாக இருந்திருக்கும்? எல்லாரும் ஒரு விடை சொல்லியாகிவிட்டது. கண்ணாடித் தட்டில் தெரிந்ததை ‘ஏதோ கலந்துவிட்டது’ என்று ஒதுக்கியிருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் அதிகம் நடப்பதும் அதுதான்: தப்பான எண்ணை யாரும் கொலை செய்வதில்லை, நாகரிகமாக ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

அதற்காக விலகி நிற்கும் எண்ணை எல்லாம் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொறியியலில் எண்ணை ஒதுக்குவதற்கும் இடம் உண்டு. இயந்திரத்தில் கியூப்பைக் கோணலாக வைத்திருந்தால் அந்த அளவீடு செல்லாது. உடைந்த வடிவத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அப்போது அதை ஒதுக்கலாம், ஆனால் ஒதுக்கினேன் என்றும் ஏன் ஒதுக்கினேன் என்றும் எழுதிவிட்டு. காரணம் கியூப்பில் இருக்கிறதா, இல்லை நம் ஆசையில் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். எலக்ட்ரானின் மின்னேற்றத்தை அளந்த மில்லிகன் நோபல் பரிசு பெற்றவர். 1913ஆம் ஆண்டுக் கட்டுரையில் 58 எண்ணெய்த் துளிகளின் கணக்கைக் கொடுத்து, அந்த நாட்களில் சோதித்த எல்லாத் துளிகளும் இவைதான் என்று எழுதினார். பின்னாளில் அவருடைய குறிப்பேடுகளைத் திறந்து பார்த்தபோது அதைவிட அதிகமான துளிகள் இருந்தன. சிலவற்றை ஒதுக்க நல்ல காரணம் இருந்திருக்கலாம். ‘எல்லாம் இவைதான்’ என்ற அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் காரணம் சொல்ல முடியவில்லை.

ஒதுக்குவதே இப்படி என்றால், இல்லாத எண்ணை எழுதுவது? பெல் ஆய்வகத்தில் ஷோன் என்ற இளம் விஞ்ஞானி 2000க்குப் பிறகு கட்டுரைமேல் கட்டுரையாக வெளியிட்டுக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டது எப்படித் தெரியுமா? வேறு வேறு சோதனைகளின் வரைபடங்களில் இரைச்சல் மட்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தது. இரைச்சல் என்பது ஒவ்வொரு தடவையும் வேறாக வர வேண்டியது. 2002இல் விசாரணைக் குழு பதினாறு குற்றச்சாட்டுகளை உறுதி செய்தது. இதை வாட்ஸ்அப்பில் போட்டபோது எங்கள் ஃபோல்டரை ஒருவர் திறந்து பார்த்தார். மூன்று வெவ்வேறு வருடத்து அறிக்கைகளில் ஒரே 33.6.

அந்தச் செய்திக்குப் பிறகு குரூப்பில் கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. அந்த மூன்று பேரையும் எங்களுக்குத் தெரியும். நல்லவர்கள். எங்களுக்குப் புத்தகம் கொடுத்தவர்கள், தீபாவளிக்கு வீட்டுக்குப் போகப் பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர்கள். அவர்களை நான் குறை சொல்லத் தயாராக இல்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு நாம் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு கியூப்பின் வலிமை அல்ல. யாரும் செய்யாத ஒரு சோதனையின் விடை. அதைப் பார்த்து எழுதிய தம்பிக்கு மதிப்பெண் கிடைத்திருக்கும். நாளைக்கு ஒரு கட்டுமானத் தளத்தில் 24 வந்தால் அதை என்ன செய்வது என்று மட்டும் அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டோம். அந்தத் தளத்திலும் மணி ஐந்தே முக்காலாக இருக்கும், லாரி காத்துக்கொண்டிருக்கும்.

உதவி செய்வதும் தர்மம்தான், உண்மை எழுதுவதும் தர்மம்தான், இரண்டும் மோதினால் எது பெரியது என்று நாங்கள் தொடங்கினோம். அவை உண்மையில் மோதவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். மோதியது உதவியும், உதவி மாதிரி இருந்த ஒரு குறுக்கு வழியும். அறைத்தோழன் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. “நேரம் இல்லாத பையனுக்கு என்ன வழி?” என்பது அவன் கேள்வி. அதை நான் தட்டிக்கழிக்க முடியாது. அறிக்கைகளை எடுத்துவிட்டு, ‘உண்மையாக இரு தம்பி’ என்று அறிவுரை மட்டும் அனுப்பினால் அது அநியாயம். பெட்ரோல் ஸ்டேஷனில் நிற்கும் பையனின் சுமையை நாம் எடுத்துக்கொள்ளாமல் அவனுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுப்பது எனக்கும் கூச்சமாக இருக்கிறது.

கடைசியில் மூன்று பேரும் ஒத்துப்போன அளவுக்குச் செய்தோம். தேர்வுத் தாள்களும் குறிப்புகளும் அப்படியே இருக்கின்றன. முடிந்த அறிக்கைகளை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக உடைந்த கியூப்களின் படங்கள், பொருந்தாமல் வந்த எண்கள், அவற்றுக்கு யார் என்ன காரணம் கண்டுபிடித்தார்கள் என்ற குறிப்புகள். எங்கள் 24.0தான் அதில் முதல் பதிவு. அக்கா 7.7 கிலோ என்று நிறையையும் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். எழுத நேரம் இல்லாதவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட வாரத்தில் ஒரு இரவு ஒதுக்கியிருக்கிறோம். அந்தப் பொறுப்பை அறைத்தோழன்தான் எடுத்துக்கொண்டான், திட்டிக்கொண்டேதான்.

வியாழக்கிழமை இரவு ஒன்பது மணி, விடுதி உணவகத்தில் கடைசி மேசை. வேலை முடிந்து பதினொரு மணிக்கு வருகிறவர்களுக்காகவும் அவன் காத்திருக்கிறான். போன வாரம் நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒரு தம்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “அண்ணே, எங்க கியூப்பு 41 வந்திருக்கு, அதிகமா வந்தாலும் காரணம் எழுதணுமாண்ணே?”